மாடி அறைக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு கம்பிவழி இன்டர்காம்: நிகழ்வு ஆய்வு

இரண்டு தளங்கள் கொண்ட ஒரு வீட்டில், மாடி அறையில் பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கும் முதியவர் ஒருவரின் குரலைக் கீழ்த்தளத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே இங்கு எடுத்துக்கொண்ட பணி. அவருடைய குரல் தளர்ந்துவிட்டது, கைகள் நடுங்குகின்றன, கைபேசியின் தொடுதிரையில் விரல் நிலைத்து நிற்பதில்லை. வீட்டில் முன்பே ஓர் இன்டர்காம் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதில் ஓயாத இரைச்சல் இருந்ததால், சமையலறையில் இருப்பவர்கள் அதன் ஒலியளவைக் குறைத்து வைத்துவிடுவதும், மாடியிலிருந்து அழைப்பு வரும்போது அது யாருக்கும் கேட்காமல் போவதும் வாடிக்கையாகிவிட்டன. தேவை என்ன என்று அந்த முதியவரிடமே கேட்டபோது அவர் சொன்னது: “நான் கூப்பிட்டது கீழே கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரிந்தால் போதும், வருவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.” புதிய அமைப்பின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கம்பியில்லா இன்டர்காம்கள் எளிதில் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மின்னேற்றம் செய்ய வேண்டிய கருவியை முதியவரின் பொறுப்பில் விட முடியாது; கான்கிரீட் தளத்தைத் தாண்டும் ரேடியோ அலை எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரு முறை இழுத்துவிட்டால் பல ஆண்டுகள் கிடக்கும் கம்பி, இவ்வகைத் தேவைக்கு இன்றும் பொருத்தமானது என்பதே என் கருத்து.

பழைய அமைப்பில் கண்டவை

பழைய இன்டர்காம், பல மின்னணுக் கையேடுகளில் காணப்படும் வழக்கமான வடிவத்தில் இருந்தது. சமையலறையில், மின்குறிப்பை வலுப்படுத்தும் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) ஒரே ஒன்று. மாடியில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று மட்டும். கீழிருந்து பேசும்போது அந்த ஸ்பீக்கர் ஒலியை வெளியிடும். சுவிட்சை விட்டதும் அதே ஸ்பீக்கர் மைக்காக மாறி, மாடியில் எழும் ஒலியை மின்குறிப்பாக மாற்றிக் கீழே அனுப்பும். ஸ்பீக்கரின் கூம்பு அசையும்போது காந்தப்புலத்தில் உள்ள சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுவதால் இது இயல்கிறது. பாகங்கள் குறைவு, செலவும் குறைவு என்பதால் இந்த வடிவம் பலருக்கும் பிடித்தமானது. இரண்டு அறைகளும் அடுத்தடுத்து இருந்தால் நன்றாகவே வேலை செய்யும்.

இந்த வீட்டில் கம்பியின் பாதை ஏறத்தாழ 25 மீட்டர். மூன்று இழைகள் கொண்ட மெல்லிய மணிக்கம்பி பயன்படுத்தப்பட்டிருந்தது. ஓர் இழை ஸ்பீக்கருக்கு, ஓர் இழை அழைப்பு மணிக்கு, மூன்றாவது இழை இரண்டுக்கும் பொதுவான திரும்புவழி. படிக்கட்டுச் சுவரில் வீட்டு மின்கம்பிகள் செல்லும் அதே பைப்பின் வழியாக இதையும் செருகியிருந்தார்கள். பாதுகாப்பு நோக்கில் பார்த்தாலே இது கூடாது. மின்கம்பியின் உறை எங்காவது உரிந்து இந்த மெல்லிய கம்பியைத் தொட்டுவிட்டால், படுக்கையின் அருகில் இருக்கும் பெட்டிக்கு நேராக வீட்டு மின்சாரம் வந்துவிடும். ஆகவே இரைச்சல் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அந்தக் கம்பியை அகற்றுவது என்று தொடக்கத்திலேயே முடிவாயிற்று. ஆயினும் அகற்றுவதற்கு முன், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த அமைப்பை வைத்தே கண்டறிவது பயனுள்ளது என்று கருதினேன். காரணம் தெரியாமல் புதிதாக அமைத்தால் அதே குறை வேறு பெட்டிக்குள் குடிபுகுந்துவிடும்.

முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் இயக்கிப் பார்த்ததில் இரைச்சல் மாறவில்லை. ஆகவே அடாப்டர் காரணமல்ல. அடுத்து, மாடிக்குச் செல்லும் கம்பியைப் பெருக்கியின் உள்ளீட்டிலிருந்து அவிழ்த்து, அந்த உள்ளீட்டின் இரு முனைகளையும் நேராக ஒன்றோடொன்று இணைத்தபோது இரைச்சல் முற்றிலும் நின்றது. ஆகவே பெருக்கியும் காரணமல்ல, கம்பிவழியே வருகிறது. மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றிலும் தெளிவைத் தந்தது. கம்பியை மீண்டும் இணைத்து, மாடி முனையில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் குறுக்கே இணைத்தோம். குரல் நின்றுவிட்டது, இரைச்சல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மின்புலத்தால் வரும் தொந்தரவாக இருந்தால், இவ்வளவு குறைந்த மின்தடை கொண்ட சுற்றில் அதற்கு அவ்வளவு வலு இருந்திருக்காது. குறுக்கே இணைத்த பின் மேலும் தணிந்திருக்கும். அப்படித் தணியாததால், மாடிவரை சென்று திரும்பும் இரு இழைகளும் சேர்ந்து ஒரு நீண்ட வளையமாகி, அந்த வளையத்தை ஊடுருவும் மாறும் காந்தப்புலத்தால் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது என்ற முடிவுக்கு வர முடிந்தது.

அந்தக் காந்தப்புலம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. படிக்கட்டு விளக்கு எரியும்போது இரைச்சல் வெளிப்படையாகக் கூடியது, அணைத்தால் குறைந்தது. அந்த விளக்கு, கீழிருந்தும் மேலிருந்தும் இயக்கக்கூடிய இருவழிச் சுவிட்சுகளில் இணைக்கப்பட்டது. சாதாரண விளக்கில் மின்சாரம் செல்லும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே செல்வதால் அவற்றின் காந்தப்புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். இருவழிச் சுவிட்சில், செல்லும் கம்பி ஒரு தளத்திலிருந்தும் திரும்பும் கம்பி வேறொரு பாதையிலும் இணைக்கப்பட்டிருந்தால், பைப்புக்குள் ஒரு திசை மின்னோட்டம் மட்டுமே மிஞ்சும். அதன் அருகிலேயே பல மீட்டர் நீளத்துக்கு முறுக்கப்படாத மணிக்கம்பி கிடந்தால், அது ரீங்காரத்தை வாங்கியே தீரும். வீடுகளில் ஒலிச்சாதனங்களின் இரைச்சலுக்குக் காரணம் தேடுபவர்கள், படிக்கட்டு விளக்கை ஒரு முறை போட்டு அணைத்துப் பார்ப்பது நல்லது.

இனிக் குரலின் வலிமையைப் பார்ப்போம். ஒரு சிறிய ஸ்பீக்கரின் முன் அரை மீட்டர் தொலைவில் ஒருவர் மெல்லப் பேசினால் அதில் எழும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டில் ஒரு சிறு பங்குதான். இதை உயர்த்த, 8 ஓமிலிருந்து 1 கிலோ ஓமுக்கு மாற்றும் சிறு மின்மாற்றி ஒன்று பழைய பெருக்கியின் வாயிலில் இருந்தது. மின்தடை விகிதத்தின் வர்க்கமூலமே மின்மாற்றிச் சுருள்களின் சுற்றெண்ணிக்கை விகிதம் என்பதால் அது ஏறத்தாழ 11 மடங்கு உயர்த்தும். அதன் பின் வரும் எல்.எம். 386 என்ற பெருக்கிச் சில்லு (ஐசி), அதன் உச்ச அளவான 200 மடங்கில் அமைக்கப்பட்டிருந்தது. குரல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் பெருகியது. 25 மீட்டர் கம்பி வழியில் வாங்கிய ரீங்காரமும் அதே அளவு பெருகியது. எதிர்த்திசையிலும் இழப்பு இருந்தது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 85 ஓம். போகவர 50 மீட்டருக்கு 4 ஓமுக்கு மேல் வருகிறது. இது 8 ஓம் ஸ்பீக்கரோடு தொடராக அமைவதால், ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் திறன் 43 சதவீதமாகக் குறைந்துவிடும். மணி அழுத்தும்போது ஸ்பீக்கரில் எழுந்த கடும் வெடிப்பொலிக்குக் காரணம், மணியின் மின்னோட்டமும் குரலும் ஒரே திரும்புவழியைப் பகிர்ந்துகொண்டதுதான்.

இந்தச் சோதனைகள் அனைத்தும் ஒரே இடத்தைச் சுட்டின. பெருக்கி தரமானதாகவே இருந்தது. அது இருந்த இடம்தான் தவறு. குரல் கம்பியில் ஏறுவதற்கு முன்பே, பேசுபவரின் பக்கத்திலேயே வலுப்பெற வேண்டும். ஸ்பீக்கரை இயக்கும் வலுவான மின்னோட்டம், கேட்பவரின் பக்கத்திலேயே உருவாக வேண்டும். நீண்ட கம்பியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நடுத்தர அளவுக் குறிப்பு மட்டுமே செல்ல வேண்டும். புதிய அமைப்பு முழுவதும் இந்த ஒரு கொள்கையின் மேல் எழுந்தது.

வேறு வழி ஒன்றும் பரிசீலிக்கப்பட்டது. பழைய கம்பித் தொலைபேசிகள் இரண்டைத் தொடராக இணைத்து, 9 முதல் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர் ஓட விட்டால், இருவரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும். மணியடிப்பதற்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். பொதுத் தொலைபேசி இணைப்போடு இதை எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாது. கைநடுக்கம் இல்லாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட எளிய வழி இல்லை என்றே சொல்வேன். இங்கே கைப்பிடியைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்வதே இயலாத செயல் என்பதால் இதைக் கைவிட வேண்டியதாயிற்று.

மாடிப் பெட்டி

மாடியில் ஸ்பீக்கரை மைக்காகப் பயன்படுத்துவதை விட்டு, எலக்ட்ரெட் மைக் (நிலையான மின்னூட்டம் தங்கிய மெல்லிய படலத்தால் இயங்குவது) பொருத்தப்பட்டது. 1962-ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் உருவாக்கிய இந்த வகை மைக், பட்டன் அளவே இருந்தாலும் பேச்சு அலைவரிசை முழுவதையும் சீராகப் பிடிக்கிறது. அதற்குள்ளேயே ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருப்பதால், 2.2 கிலோ ஓம் மின்தடை வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மைக்கை அடுத்துப் பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று குரலைப் பெருக்குகிறது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான கலெக்டர், பேஸ், எமிட்டர் ஆகியவற்றில், கலெக்டரில் 4.7 கிலோ ஓம், கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 1 மெகா ஓம், எமிட்டரில் 47 ஓம் என்று மூன்றே மின்தடைகள். பெருக்கம் ஏறத்தாழ 50 மடங்கு. இதன் கலெக்டரிலிருந்து நேரடியாக இரண்டாவது பி.சி. 547-இன் பேஸுக்கு இணைப்பு செல்கிறது. இந்த இரண்டாவது டிரான்சிஸ்டர் மின்னழுத்தத்தைப் பெருக்குவதில்லை, எமிட்டரில் உள்ள 2.2 கிலோ ஓம் வழியாக, கம்பியைத் தள்ளிச் செல்லும் வலுவை மட்டும் தருகிறது. பலர் இதைச் சிக்கனம் கருதி விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீண்ட கம்பியை ஓட்டும் முனையின் மின்தடை எவ்வளவு குறைவோ, அருகிலுள்ள மின்புலங்களின் தொந்தரவும் அவ்வளவு குறையும் என்பதால், இந்த ஒரு டிரான்சிஸ்டரை விடக் கூடாது. இதன் வெளியீடு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 470 ஓம் மின்தடை ஆகியவற்றின் வழியாகக் கம்பிக்குச் செல்கிறது. முதியவர் அரை மீட்டர் தொலைவில் இயல்பாகப் பேசும்போது மைக்கில் எழும் அரை மில்லிவோல்ட் அளவிலான குறிப்பு, கம்பியில் ஏறும்போது இருபது முப்பது மில்லிவோல்ட்டாகிவிடுகிறது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 1 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வைக்க வேண்டும். இல்லையெனில் நீண்ட கம்பி ஏரியலாகி, வலுவான ஒலிபரப்பு எதையாவது வாங்கி, டிரான்சிஸ்டரின் சந்தி அதைப் பிரித்தெடுத்து ஸ்பீக்கரில் பாட விட்டுவிடும்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி, அதன் முகப்பில் உள்ள சிறு சிவப்பு விளக்கு. ஓர் இன்டர்காம் என்பது, நினைத்தால் ஒருவரின் அறையை ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. படுக்கையில் இருப்பவர் என்பதற்காக அவருடைய தனிமை குறைந்த மதிப்புடையதாகிவிடாது. ஆகவே மாடி மைக்கை இயக்கவும் நிறுத்தவும் பெரிய சாய்வுச் சுவிட்ச் ஒன்று அவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டது. மைக் இயங்கும்போது விளக்கு எரிய வேண்டும். வழக்கமாக இத்தகைய விளக்கை மின்வழங்கலுக்குக் குறுக்கே தனியாக இணைப்பார்கள். அப்படிச் செய்தால் விளக்கு பழுதானாலும் மைக் ஓடிக்கொண்டேயிருக்கும். இங்கே எல்.இ.டி.யை மைக்குக்கும், மேலே சொன்ன இரு டிரான்சிஸ்டர்களால் ஆன முன்பெருக்கிக்கும் செல்லும் மின்சாரப் பாதையிலேயே தொடராக வைத்தோம். அந்தப் பகுதி முழுவதும் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 மில்லிஆம்பியர். ஒளித்திறன் மிக்க எல்.இ.டி. அந்த அளவிலேயே தெளிவாக எரியும். 9 வோல்ட்டில் எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, அதை அடுத்த 330 ஓம் மின்தடையும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் மின்வழங்கலின் அலைவுகளை வடிகட்ட, முன்பெருக்கிக்கு 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் தூய்மையான மின்சாரம் கிடைக்கிறது. விளக்கு அணைந்திருந்தால் பொதுவாக மைக்குக்கு மின்சாரமே இல்லை என்று பொருள்.

கம்பியும் தரையிணைப்பும்

கணினி வலையமைப்புக்குப் பயன்படும் கேட்-5இ கேபிளில் நான்கு இணைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே முறுக்கப்பட்டு இருக்கின்றன. முறுக்கிய இணையில் ஒரு முறுக்கில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அடுத்த முறுக்கில் எழும் எதிர்த்திசை மின்னழுத்தம் நீக்கிவிடும். படிக்கட்டு விளக்கின் காந்தப்புலத்துக்கு இதுவே மாற்று. நீல இணை மாடிக் குரலுக்கும், ஆரஞ்சு இணை சமையலறைக் குரலுக்கும், பச்சை இணை மின்வழங்கலுக்கும், பழுப்பு இணை அழைப்பு மணிக்கும் ஒதுக்கப்பட்டன. பழைய பைப்பை விட்டுவிட்டு, மின்கம்பிகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளியில் சுவரோரமாகக் கேபிள் இழுக்கப்பட்டது. மின்கம்பியைக் கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்தது. பழைய கம்பியைப் பைப்பிலிருந்து உருவியெடுத்தது முதன்மைச் சுவிட்சை அணைத்த பிறகுதான்.

தரையிணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் (இங்கே ‘தரை’ என்பது மின்சுற்றின் மின்னழுத்தங்கள் அனைத்தும் அளக்கப்படும் பொதுப் புள்ளி); இத்தகைய அமைப்புகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மின்வழங்கல் சமையலறையில் இருக்கிறது. மாடிப் பெருக்கி உரக்க ஒலிக்கும்போது அது 150 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், 2 ஓம் மின்தடையுள்ள திரும்புகம்பியில் 0.3 வோல்ட் எழுகிறது. அதாவது, மாடியின் ‘தரை’ சமையலறையின் ‘தரை’யை விட 0.3 வோல்ட் உயர்ந்தும் தாழ்ந்தும் ஆடுகிறது. கம்பியில் வரும் குரலோ அதில் பத்தில் ஒரு பங்களவுதான். இரு பெட்டிகளின் தரைகளையும் குரல் இணையின் மூலமும் சேர்த்துவிட்டால், பெருக்கியின் வெளியீடு அதன் உள்ளீட்டுக்கே திரும்பி வந்து, ‘டப் டப்’ என்று படகு இயந்திரம் போன்ற ஒலி தொடங்கிவிடும். இதைத் தவிர்க்கக் குரல் வந்து சேரும் முனை ஒவ்வொன்றிலும் 600 ஓமுக்கு 600 ஓம் என்ற சம விகித ஒலி மின்மாற்றி வைக்கப்பட்டது. பழைய தொலைபேசி மோடம்களில் இருப்பது இதுதான். இணையின் இரு இழைகளும் மின்மாற்றியின் முதன்மைச் சுருளுக்கு மட்டுமே செல்கின்றன; அனுப்பும் முனையில் மட்டும் ஓரிழை தரையோடு சேர்கிறது. துணைச்சுருள், பெறும் பெட்டியின் தரையைச் சேர்ந்தது. இரு தரைகளுக்கும் இடையிலான ஆட்டத்தை மின்மாற்றி கடத்துவதில்லை. கூடவே மாடிப் பெருக்கியின் அருகில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்ததால், உரத்த ஒலியின் திடீர்த் தேவையை அதுவே ஈடுசெய்கிறது.

பெருக்கி

இரு பெட்டிகளிலும் எல்.எம். 386 ஐசியே பயன்பட்டது. 1, 8 ஆகிய கால்களைத் திறந்து விட்டால் 20 மடங்கும், அவற்றுக்கிடையே 1.2 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரட்டும் தொடராக வைத்தால் 50 மடங்கும், 10 மைக்ரோஃபாரட் மட்டும் வைத்தால் 200 மடங்கும் பெருக்கும் தன்மை அதற்கு உண்டு. முதியவரின் தளர்ந்த குரலைக் கேட்க வேண்டிய சமையலறைப் பெட்டிக்கு 50 மடங்கும், மைக்குக்கு அருகில் நின்று தெளிவாகப் பேசுபவரின் குரலை ஒலிக்க வேண்டிய மாடிப் பெட்டிக்கு 20 மடங்கும் போதுமானவையாக இருந்தன. 200 மடங்கு எங்கும் தேவைப்படவில்லை என்பதே, குரலை முன்கூட்டியே வலுப்படுத்தியதன் பலன்.

மின்மாற்றியின் துணைச்சுருளுக்கும் 10 கிலோ ஓம் ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்கும் இடையே 47 நானோஃபாரட் மின்தேக்கி வைக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைத் தணிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏழில் ஒரு பங்காகிவிடும். தொலைபேசி வழக்கத்தில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதுமென்று கொண்டிருப்பதால் பேச்சின் தெளிவு இதனால் கெடுவதில்லை. மின்விசிறியின் காற்று மைக்கில் மோதும் உறுமலும் சேர்ந்தே குறைகிறது. ஐசியின் 5-ஆம் காலிலிருந்து தரைக்கு 10 ஓமும் 47 நானோஃபாரட்டும் தொடராக வைப்பதையும், 6-ஆம் காலுக்கு மிக அருகில் 100 நானோஃபாரட் வைப்பதையும் விட்டுவிட்டால், காதுக்குக் கேட்காத அலைவெண்ணில் ஐசி அலைவுறத் தொடங்கிச் சூடேறும். மின்வழங்கலை 9 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தவில்லை. 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கரை உரக்க ஒலிக்கவிட்டால் இந்தச் சிறிய ஐசி வெப்பத்தைத் தாங்காது.

பேசும் பட்டனும் அழைப்பு மணியும்

இரு பக்கமும் ஸ்பீக்கரும் மைக்கும் ஒருங்கே இயங்கினால், மாடி மைக், சமையலறை ஸ்பீக்கர், சமையலறை மைக், மாடி ஸ்பீக்கர் என்று ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். இந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டினால் போதும். வெட்டும் பொறுப்பு முழுவதும் சமையலறையில் இருப்பவருடையது. மாடியில் இருப்பவர் பேச எதையும் அழுத்த வேண்டியதில்லை. சமையலறைப் பெட்டியில், விட்டால் தானே திரும்பும் இரட்டைத் தொடர்புப் பட்டன் ஒன்று உள்ளது. அழுத்தாதபோது அது சமையலறை மைக்கின் வெளியீட்டைத் தரையோடு இணைத்து அடக்குகிறது. அழுத்தினால் அதை விடுவித்து, மாடியிலிருந்து வரும் குரலைத் தரையோடு இணைத்து அடக்குகிறது. மின்வழங்கலைத் துண்டித்து இணைக்காமல், மின்தேக்கிக்குப் பின்னால் குரல் பாதையை மட்டும் அடக்குவதால் பட்டனை அழுத்தும்போதும் விடும்போதும் ‘டக்’ என்ற அதிர்வொலி எழுவதில்லை. நாள் முழுதும் பயன்படும் கருவியில் இச்சிறு நயம் பெரிதும் உணரப்படும்.

அழைப்பு மணி, குரலிலிருந்து முற்றிலும் தனித்தது. மைக் அணைந்திருந்தாலும் இயங்கும். உள்ளங்கையால் அழுத்தக்கூடிய பெரிய பட்டன் மாடியில். மின்னணு பஸர் சமையலறையில். முதியவர் கேட்டதற்கு விடை இங்கேதான் இருக்கிறது: பட்டனின் அருகில் உள்ள பச்சை எல்.இ.டி., பஸரோடு தொடராக இணைக்கப்பட்டுள்ளது. பஸர் வழியாக மின்னோட்டம் பாயும்போது மட்டுமே அது எரியும். கம்பி அறுந்தாலோ, மின்வழங்கல் நின்றாலோ, பஸரின் இணைப்பு கழன்றாலோ பச்சை விளக்கு எரியாது.

சோதனையும் பயன்பாடும்

சுவரில் ஏற்றுவதற்கு முன், இரு பெட்டிகளையும் மேசைமேல் வைத்து, இழுக்கவிருந்த கேபிள் சுருள் முழுவதையும் அவற்றுக்கிடையே இணைத்துச் சோதித்தோம். சிறு துண்டுக் கம்பியில் வைத்துச் சோதித்தால் கம்பியின் குணங்கள் எதுவும் வெளிப்படுவதில்லை. மல்டிமீட்டரில் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர், மின்வழங்கலில் ஏறத்தாழப் பாதியைக் காட்டுகிறதா என்றும், எல்.எம். 386-இன் 5-ஆம் கால் 4.5 வோல்ட்டை ஒட்டி நிற்கிறதா என்றும் பார்த்தால் பெரும்பாலான சால்டரிங் குறைகள் அங்கேயே பிடிபடும்.

இடத்தில் பொருத்திய பிறகு செய்த சோதனை, குரல் கேட்கிறதா என்பதல்ல, சொல் விளங்குகிறதா என்பது. பத்து, பட்டு, பற்று, கட்டி, கத்தி, தண்ணீர், தன்னை என்று ஓசையில் நெருங்கிய சொற்களை ஒழுங்கின்றி மாடியில் ஒருவர் வாசிக்க, கீழே ஒருவர் எழுதிக்கொண்டார். மைக் பெட்டியின் உள்ளே ஆழமாக இருந்த நிலையில் தகரமும் டகரமும் மயங்கின. துளைக்குப் பின்னால் இருந்த சிறு காற்றறை ஒலியின் சில பகுதிகளை மட்டும் மிகைப்படுத்தியதே காரணம். மைக்கின் முகத்தைப் பெட்டியின் மேற்பரப்போடு சமமாகக் கொண்டுவந்து, ரப்பர் வளையத்தில் அமர்த்தி, மெல்லிய பஞ்சுறையால் மூடியதும் அந்த மயக்கம் தீர்ந்தது. மின்சுற்றில் ஒரு மின்தடையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டு விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்ததில், ஒலியளவை முழுமையாகத் திருப்பி வைத்தபோதும் வேறுபாடு தெரியவில்லை.

சில மாதப் பயன்பாட்டில் ஒரு பழுது நேர்ந்தது. ஒரு காலையில் முதியவர் அழைப்புப் பட்டனை அழுத்தியபோது பச்சை விளக்கு எரியவில்லை. அவர் உடனே மைக் சுவிட்சைப் போட்டு, “மணி அடிக்கவில்லை, வந்து பாருங்கள்” என்று குரலிலேயே சொல்லிவிட்டார். கேட்-5இ கேபிளின் இழைகள் ஒற்றைச் செம்புக் கம்பியால் ஆனவை. சுவரில் அசையாமல் கிடப்பதற்கு ஏற்றவை, அடிக்கடி வளைந்தால் முறிந்துவிடும். படுக்கையருகே பெட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்ததில், திருகின் அடியில் பழுப்பு இழை ஒன்று அறுந்திருந்தது. சுவரில் ஓர் இணைப்புப் பெட்டி வைத்துக் கேபிளை அங்கேயே முடித்து, அங்கிருந்து படுக்கைப் பெட்டிவரை பல மெல்லிழைகள் கொண்ட நெகிழ்கம்பியை இணைத்ததன் பின் அந்தப் பழுது திரும்பவில்லை. தொடக்கத்திலேயே இப்படி அமைப்பதுதான் முறை. புதிதாக அமைப்பவர்கள் இதை விடாமல் செய்ய வேண்டும்.

மின்வெட்டு நேரத்துக்கு, மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்கள் ஆறு, அடாப்டரோடு தனித்தனி ஷாட்கி டையோடுகள் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை) வழியாகச் சேர்க்கப்பட்டன. சாதாரண அல்கலைன் கலங்கள் ஆறு புதிதாக இருக்கும்போது 9 வோல்ட்டைத் தாண்டிவிடுவதால், அடாப்டர் இருக்கும்போதே அவை வடிந்துவிடும். மின்னேற்றக் கலங்களின் 7.2 வோல்ட் அடாப்டரை விடக் குறைவு என்பதால், மின்சாரம் நின்றால் மட்டுமே அவை வேலைக்கு வரும். பேச்சில்லாத நேரத்தில் முழு அமைப்பும் எடுத்துக்கொள்வது 12 மில்லிஆம்பியர் அளவுதான் என்பதால், 2000 மில்லிஆம்பியர்-மணிக் கலங்கள் ஓரிரு நாட்களுக்குத் தாராளமாகத் தாங்கும். இவற்றை அமைப்பு தானாக மின்னேற்றுவதில்லை. அவ்வப்போது எடுத்துத் தனிச் சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும்.

முன்வாசல் அறையிலும் ஒரு பெட்டி வேண்டும் என்று வீட்டினர் இப்போது கேட்கிறார்கள். மூன்றாவது பெட்டியைக் குரல் இணைகளில் அப்படியே பக்கவாட்டில் இணைக்க இயலாது. இரண்டு முன்பெருக்கிகள் ஒரே இணையில் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். அதற்குத் தனிக் கேபிளைச் சமையலறைவரை இழுத்து, சமையலறைப் பெட்டியில் ஒரு தேர்வுச் சுவிட்ச் வைத்து, எந்த அறையோடு பேச வேண்டுமோ அந்த அறையின் இரண்டு குரல் இணைகளை மட்டும் சேர்க்க வேண்டும். மாடியின் அழைப்பு மணி அந்தச் சுவிட்சின் வழியே செல்லாமல் எப்போதும் நேரடியாகவே இருக்க வேண்டும் என்பது மட்டும் இப்போதே முடிவாகியிருக்கிறது.